ஒரு விரற்கடை

இறக்கையின் நுனி என் வலது கையில் இருக்கிறது, இன்னும் தூக்கவில்லை, முழங்கால் உயரத்தில் சாய்த்துப் பிடித்திருக்கிறேன், நீளமான வெள்ளை இறக்கை, அதன் மறுமுனையில் கண்ணாடி மூடிக்குள் மல்லாந்த வாக்கில் அண்ணாச்சி தவசிமுத்து, கறுப்புக் கண்ணாடி, வட்டத் தொப்பி, யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்கிற அந்த மோவாய், கிளைடரின் மூக்குக்கு அடியில் மாட்டிய கயிறு புல்லுக்குள் புகுந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற விஞ்சுக்குப் போகிறது, பழைய லாரி எஞ்சினில் உருளையைப் பூட்டிச் செய்த இழுவை எந்திரம் அது, அது இழுத்தால்தான் எஞ்சின் இல்லாத இந்தக் கிளைடர் மேலே ஏறும், நான் இறக்கையைத் தூக்கித் தரைக்குச் சமமாகப் பிடித்தால் எல்லாம் சரி என்று அர்த்தம், தூக்காவிட்டால் எதுவும் நகராது, அதுதான் கிளப்பின் முறை, இறக்கையின் முதுகில் பதிந்து கிடக்க வேண்டிய பிரேக் பலகை ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கிறது, அதை நான் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே நிற்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, இந்த மூன்று விநாடிக்குள்தான் பதினோரு மாதமாகக் குடியிருக்கிறேன், காலையில் பல் தேய்க்கும்போதும் அதற்குள்தான், செண்பகம் தட்டில் சாம்பார் ஊற்றும்போதும் அதற்குள்தான்.

முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான், கடைசிப் பதினான்கு வருடம் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர், நாளுக்கு இரண்டு பாசஞ்சர் நிற்கும், மற்றதெல்லாம் நிற்காமல் போகும், நிற்காமல் போகிற வண்டிக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும், எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை சக்கரத்தையும் அச்சையும் பார்க்க வேண்டும், எங்காவது புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா, கண்டால் சிவப்பு, அதில் யோசனைக்கு இடமே கிடையாது, ஒருமுறை சரக்கு வண்டியின் நடுப்பெட்டி ஒன்றில் அச்சு சூடேறிப் பழுத்திருந்ததைப் பார்த்துச் சிவப்பைக் காட்டி நிறுத்தினேன், இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் தடம் புரண்டிருக்கும் என்று அதிகாரி வந்து கையைக் குலுக்கினார், எனக்கு அதில் பெருமைகூட இல்லை, கண் இருக்கிறது, பார்த்தேன், காட்டினேன், அவ்வளவுதான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேகமாகப் போகிற வண்டியின் ஜன்னலில் எத்தனையோ ஆயிரம் முகம் என்னைக் கடந்து போயிருக்கிறது, ஒரு முகமாவது என்னைப் பார்த்திருக்குமா, போகிறவர்களுக்கு வழி விட்டே என் ஆயுள் போயிற்று, ஓய்வு பெற்ற மறுநாள் பூங்காவுக்குப் போனேன், அங்கே என்னைப் போன்றவர்கள் வட்டமாக நின்று கையைத் தட்டிக்கொண்டு ஹா ஹா என்று சிரித்தார்கள், சிரிப்புக்குக் காரணம் எதுவும் இல்லை, சிரித்தால் ஆயுள் நீளுமாம், இந்தச் சிரிப்புக்காக நீள்கிற ஆயுள் எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன், அப்புறம் ஒருநாள் பேப்பருக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது, வானில் மிதக்க வாருங்கள், வயது தடையில்லை, செண்பகத்திடம் காட்டினேன், அவள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, மொட்டை மாடிக்கு வடகம் காயப்போட ஏறுனாலே ஒங்களுக்கு மூச்சு வாங்குது, இதுல ஆகாசத்துக்கா, என்றாள், அந்த ஒரு வார்த்தைக்காகவே போனேன்.

போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம், கரிசல் காட்டுக்கு நடுவில் விரிசல் விட்டுக் கிடந்தது, ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் உட்காருகிற கிளைடர் ஒன்று, அண்ணாச்சியின் சொந்தக் கிளைடர் ஒன்று, ஜெர்மனிக்காரன் முப்பது வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிட்டது, அதைப் புதுப்பெண்ணைப் போல உறை போட்டு மூடி வைத்திருப்பார், தினமும் யார் யாரோ வந்து கொட்டகைச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன், இல்லை, ஞாயிறு மட்டும்தான், மொத்தம் பதினேழு உறுப்பினர்கள், அதில் பறக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர், பறப்பதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் பதினேழு பேர், செயலாளர் குலசேகரன் பல் டாக்டர், தனியாக இரண்டே இரண்டு தடவை பறந்திருக்கிறார், அதற்குள் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அவரும் ஆமாம் போல என்று திரும்பிப் பார்க்கிறார், வாயைத் திறக்கச் சொல்லித் திறக்கச் சொல்லி மற்றவர் வாயைப் பார்த்தே வாழ்ந்த மனுஷனுக்குத் தன் வாயை மூட வராது, புதிதாகச் சேர்கிறவனுக்குப் பறத்தல் என்பது தள்ளுதல் என்று முதல் நாளே தெரிந்துவிடும், காலை ஏழு மணிக்குக் கொட்டகையிலிருந்து கிளைடரைத் தள்ள வேண்டும், இறங்கிய கிளைடரைப் போய்த் திருப்பித் தள்ளிக்கொண்டு வர வேண்டும், விஞ்சுக் கயிற்றை ஜீப்பில் கட்டி இழுத்து வர வேண்டும், இறக்கையைப் பிடிக்க வேண்டும், இத்தனையும் செய்து வெயிலில் கறுத்தால் சாயங்காலம் ஆறு நிமிடம் பறக்கலாம், ஒருநாள் முழுக்க வேலை, ஆறு நிமிடம் ஆகாயம், இதற்குப் பெயர் பொழுதுபோக்கு, இத்தனை முட்டாள்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை, அந்த முட்டாள்களோடு பதினெட்டாவது ஆளாக நானும் தள்ளினேன்.

முதல் தடவை மேலே போனபோது எனக்குப் பின்னால் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள், தூத்துக்குடிப் பெண், வயது இருபத்தேழு, கிளப்பின் ஒரே பயிற்றுநர், என் மகளைவிட நாலு வயது இளையவள், இவளிடமா கற்றுக்கொள்வது என்று மனதுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது, மறைப்பானேன், அது எனக்கு எல்லோரிடமும் இருந்தது, கயிறு இழுத்தது, முதுகில் யாரோ உதைத்ததுபோல் இருந்தது, நிலம் கவிழ்ந்து கால்மாட்டுக்குப் போயிற்று, வெறும் ஆகாயம் மட்டும் முன்னால் நின்றது, பிறகு டமார் என்று ஒரு சத்தம், செத்தோம் என்று நினைத்தேன், கயிற்றைக் கழற்றியிருக்கிறாள், அவ்வளவுதான், அதன் பிறகு சத்தமே இல்லை, காற்று மட்டும் மூடியின் ஓரத்தில் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது, கீழே கரிசல், பருத்தி, கம்மாயின் மிச்சத் தண்ணீர், ஒரு ரயில் தண்டவாளம், என் தண்டவாளம், அதன் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டடம், அதற்குள்தான் நான் பதினான்கு வருடம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு அழுகை வந்தது, முன்சீட்டில் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கேட்கவில்லை, ஸ்டிக்கைப் பிடிச்சுப் பாருங்க சார், என்றாள், முழங்கால்களுக்கு நடுவே நின்ற ஓட்டுகோலைப் பிடித்தேன், ஏன் சார் இப்படி நெரிக்கிய, கோழிக் கழுத்தா அது, ரெண்டு வெரல் போதும், என்றாள், கண்ணாடி மூடியின் வெளியே ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது, நாலு அங்குல உல்லன் நூல், அது நேராகப் பின்னால் பறந்தால் நாமும் நேராகப் பறக்கிறோம், கோணினால் கோணல், இத்தனை கருவி இருந்தும் அந்த நூலைத்தான் நம்புகிறார்கள், இறங்கும்போது இடது கைப் பக்கம் ஒரு நீல நெம்புகோலை இழுக்கச் சொன்னாள், இறக்கைகளின் முதுகில் பலகை இரண்டு நிமிர்ந்தது, காற்றின் தாங்கல் போயிற்று, கிளைடர் படி இறங்குவதுபோல் இறங்கியது, அதுதான் பிரேக், கீழே இறங்க அது வேண்டும், மேலே ஏறும்போது அது திறந்தால் தொலைந்தோம், கிளம்புவதற்கு முன்னால் பலகையைத் தூக்கிப் பார்த்து, மூடி, டக் என்று சத்தம் வரும்வரை தள்ளிப் பூட்டணும், அந்த டக் கேக்காம ரெக்க புடிக்கவுக தூக்கக் கூடாது, என்றாள், யார் வேண்டுமானாலும், இன்றைக்குச் சேர்ந்தவர்கூட, எதையாவது சரியில்லையென்று பார்த்தால் நிறுத்து என்று கத்தலாம், அந்த ஒரு சொல்லுக்குத் தலைவரும் கட்டுப்பட்டவர், காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், இதைச் சொன்னபோது மட்டும் அவளை எனக்குப் பிடித்தது, இது ரயில்வே பேச்சு.

ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் போனேன், நாற்பத்தோரு தடவை பறந்தேன், பருந்து வட்டமடிக்கிற இடத்தில் வெப்பக்காற்று மேலே போகிறது என்று கற்றுக்கொண்டேன், அதற்குள் நுழைந்து அதைப்போலவே வட்டமடித்து ஒருமுறை இருபத்து மூன்று நிமிடம் மேலேயே இருந்தேன், ஜெசிந்தா பின்சீட்டில் வாயே திறக்கவில்லை, இறங்கிய பிறகு, நீங்க தனியாப் போகலாம் சார், என்றாள், தனியாக, பின்னால் யாரும் இல்லாமல், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, யாருக்கும் கொடி காட்டாமல், யாரிடமும் லைன் கிளியர் கேட்காமல், நானே வண்டி, நானே வழி, ஆனால் முதல் தனிப்பறப்புக்குத் தலைவரும் சரி சொல்ல வேண்டும், தலைவர் அண்ணாச்சி தவசிமுத்து, மூன்று தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, அந்த ஓடுதளத்தைக் கலெக்டர் ஆபீசில் நடையாய் நடந்து கிளப்புக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான், அதை ஒவ்வொரு ஞாயிறும் ஒருமுறை சொல்லாமல் விடமாட்டார், கிளம்புவதற்கு முன் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லித் தொட்டுப் பார்க்கிற பட்டியலை அவர் மட்டும் முணுமுணுத்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்குவார், யாரும் கேட்கமாட்டார்கள், என்னை அவர் கொடி சாரு என்றுதான் கூப்பிடுவார், மூன்று ஞாயிறு தள்ளிப் போட்டார், முதல் ஞாயிறு காற்று சரியில்லை என்றார், இரண்டாவது ஞாயிறு மெடிக்கல் சர்டிபிகேட்டை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்றார், மூன்றாவது ஞாயிறு எல்லோரும் டீக்கிளாசோடு நிற்கும்போது நானே போய்க் கேட்டேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், வே கொடி சாரு, அறுபத்தோரு வயசுல தனியாப் பறந்து எவளுக்கு மால போடப் போறீரு, என்றார், பல் டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு வரிசையாக எல்லோரும், பூங்காவில் சிரிப்பார்களே அதே மாதிரி, உம்ம கைக்குக் கொடிதான் லாயக்கு, வாரும், வந்து நம்ம ரெக்கையப் பிடியும், என்று டீக்கிளாசை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளைடரை நோக்கி நடந்தார், காலிக் கிளாஸ், அடியில் டீத்தூள் ஒட்டியிருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆக இறக்கை என் கையில் இருக்கிறது, அவர் முணுமுணுக்கிறார், கை நீல நெம்புகோலிடம் போகிறது, வருகிறது, டக் கேட்கவில்லை, என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பலகை ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கிறது, வெள்ளை இறக்கையின் மேல் மெல்லிய கறுப்புக் கோடாக நிழல் விழுகிறது, அண்ணாச்சி கட்டைவிரலைத் தூக்குகிறார், என்னைப் பார்க்கவில்லை, என் பக்கம்கூடத் திரும்பவில்லை, ரயில் ஜன்னல் முகங்களைப் போல நேரே முன்னால் பார்க்கிறார், ஒன்று, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, இரண்டு, சொல்ல மாட்டேன் என்றும் தெரிகிறது, எனக்கு அந்த ஆள் விழ வேண்டும் என்று இருந்தது, சாக வேண்டும் என்றில்லை, அப்படி நான் நினைக்கவில்லை, எல்லோருக்கும் முன்னால் தடுமாறி, பாதியில் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு அசட்டு முகத்தோடு நடந்து வர வேண்டும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும், மூன்று, தூக்கினேன், கையில் கனமே இல்லை, சமமாகப் பிடித்தேன், ஜெசிந்தா கொஞ்சம் தள்ளி, மற்ற இறக்கையின் பக்கம், வாக்கிடாக்கியோடு நின்றிருந்தாள், நான் தூக்கியதைப் பார்த்தாள், என்னை நம்பினாள், மொள்ளமா, மொள்ளமா, என்று விஞ்சு ஓட்டுகிற கொம்பையாவுக்குச் சொன்னாள், புல்லுக்குள் கயிறு நெளிந்து நேரானது, அடி, என்றாள், முழு வேகத்தில் இழுக்கச் சொல்கிற சொல் அது, நான் இறக்கையோடு ஓடினேன், பத்தடி ஓடியிருப்பேன், இறக்கை என் கையை விட்டுப் போயிற்று, போன அந்த நொடியில் காற்று பலகையைப் பிடித்து முழுக்க நிமிர்த்திவிட்டது, இரண்டு இறக்கையிலும், ஒரு சாண் உயரத்துக்கு, அப்போதுதான் கத்தினேன், நிறுத்து, நிறுத்து, என் தொண்டை கிழிகிற மாதிரி, ஜெசிந்தா வாக்கிடாக்கியில் கத்தினாள், கொம்பையா எஞ்சினை அணைத்தான், கிளைடர் அதற்குள் இரண்டு பனை உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, இழுப்பு நின்றதும் அப்படியே உட்கார்ந்தது, பறந்து இறங்கவில்லை, உட்கார்ந்தது, சட்டி உடைகிற சத்தம், அப்புறம் புழுதி, அப்புறம் அண்ணாச்சியின் குரல், அம்மா என்று, சின்னப் பிள்ளை கூப்பிடுவதைப் போல.

இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, இடுப்பில் ஒரு விரிசல், உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கிளைடரின் அடிவயிறு போயிற்று, அதன்பிறகு நடந்ததுதான் கூத்து, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் சார் மட்டும் பாத்திருக்காட்டா அண்ணாச்சி இன்னும் மேல போயி விழுந்திருப்பாரு, என்று பல் டாக்டர் ஒவ்வொருவரிடமும் சொன்னார், ரயில்வேக்காரர் கண்ணு கண்ணுதான் என்றார்கள், ஒருவருக்காவது அந்தப் பலகை எப்போது உயர்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை, இவர்களுக்கு எதையும் பார்க்கத் தெரியாது, பார்த்தவனையும் பார்க்கத் தெரியாது, அடுத்த ஞாயிறு தகரக் கொட்டகையில் பாராட்டுக் கூட்டம், நாலு பேர் சேர்ந்தால் பொன்னாடை போடாமல் இருக்க நம்மால் முடியுமா, சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை, கொடிக்குப் பொருத்தமாகப் பச்சை என்று பல் டாக்டரே சிரித்துக்கொண்டு என் தோளில் போர்த்தினார், சமயோசித புத்தி என்றார், கைதட்டினார்கள், ரெண்டு வார்த்தை பேசுங்க என்றார்கள், ஜெசிந்தா மட்டும் கை தட்டாமல் கடைசியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பேசாமல் நன்றி சொல்லியிருக்கலாம், ஒரு வாரத்தில் தனிப்பறப்பு கிடைத்திருக்கும், அந்தக் கூட்டத்துக்கு அன்றைக்கு நான் கேட்டால் எதையும் மறுக்கத் தெம்பு இல்லை, முப்பத்து நான்கு வருடம் எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் போனது என்று எழுதி எழுதிப் பழகிய கை, ஒரு நிமிடம் மாற்றி எழுதினாலும் அன்றைக்குத் தூங்காத ஆள் நான், தூக்குறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், என்றேன், யாருக்கும் புரியவில்லை, பிரேக் பலகை ஒசந்து இருந்ததைப் பாத்துட்டுத்தான் ரெக்கையத் தூக்குனேன், மூணு செகண்ட் பாத்துக்கிட்டே நின்னேன், என்றேன், பொன்னாடை தோளிலேயே இருந்தது, அதை எடுக்கலாமா கூடாதா என்று பல் டாக்டருக்குத் தெரியவில்லை, கையை நீட்டினார், மடக்கினார், வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாய் மூடியிருந்தது, ஜெசிந்தா முன்னால் வந்தாள், முன்னாடியே கத்தியிருந்தா அவுக தரையிலயே இருந்திருப்பாக, கத்தாமலே விட்டிருந்தாக்கூட மேல போயி பிரேக்க மூடியிருப்பாக, நீங்க கத்துன நேரம்தான் சார் அவுக கால ஒடச்சுது, என்றாள், குரலை உயர்த்தவே இல்லை, இனிமே ரெக்கையத் தொடாதீங்க, என்றாள், சரிம்மா, என்றேன், அந்த இருபத்தேழு வயதுப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

சும்மா இருந்திருக்கலாம்ல, ஒங்கள யாரு கேட்டா, என்று செண்பகம் சொன்னாள், பிறகு பொன்னாடையை மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள், அவளுக்குச் சரிகை வீணாகக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை, ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்று எப்படி இருக்கீங்க என்று கேட்கிற அற்பத்தனத்தை என்னால் செய்ய முடியவில்லை, அல்லது பயந்தேன், இரண்டும்தான், ஆனால் ஞாயிறு தவறவில்லை, ஏழு மணிக்குப் போய்விடுவேன், யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் பேசவும் இல்லை, கொட்டகை ஓரமாக நின்றிருந்துவிட்டு நடந்து விஞ்சுக்குப் போவேன், கொம்பையா மட்டும், வாங்க சார், இந்தக் கயித்தப் பாருங்க, என்பான், கயிற்றில் எங்கே இழை பிரிந்திருக்கிறது என்று அடி அடியாகத் தடவிப் பார்த்துச் சொல்வேன், அது ஒரு கிலோமீட்டர், வெயில் ஏறுமுன் முடிந்துவிடும், தூரத்தில் கிளைடர் ஏறும், இறங்கும், யார் யாரோ இறக்கை பிடிப்பார்கள், இத்தனை தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும், பாதிப் பேர் பலகையைப் பார்ப்பதே இல்லை, அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டு பிடித்தவர்கள் இப்போது பல் டாக்டரைப் பார்த்துக்கொண்டு பிடிக்கிறார்கள், இவர்களை நினைத்தால் எனக்கு ஏளனமாகத்தான் இருந்தது, உடனே என் ஞாபகம் வந்துவிடும், இவர்கள் பார்க்காமல் தூக்குகிறார்கள், நான் பார்த்துத் தூக்கினேன், ஏளனத்துக்கு ஒரு உரிமை வேண்டியிருக்கிறது, அது என்னிடமிருந்து போய்விட்டது, சில நாள் உறக்கத்தில் சரக்கு வண்டி வரும், நான் பிளாட்பாரத்தில் நிற்பேன், பெட்டிகளுக்குச் சக்கரம் இருக்காது, இறக்கை இருக்கும், ஒவ்வொரு இறக்கையிலும் பலகை ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும், என் கையில் பச்சைதான் இருக்கும், சிவப்பை எங்கே வைத்தேன் என்று சட்டைப் பையெல்லாம் தேடுவேன், கடைசிப் பெட்டி போய்விடும்.

பதினோராம் மாதம் ஒரு ஞாயிறு அண்ணாச்சி வந்தார், கைத்தடியோடு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, கிளைடர் செப்பனிட்டுப் போன வாரமே வந்துவிட்டது, எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள், பல் டாக்டர் பூச்செண்டு கொடுத்தார், நான் விஞ்சில் இருந்தேன், கொம்பையாவின் வாக்கிடாக்கியில் ஜெசிந்தாவின் குரல், ஸ்டேஷன் மாஸ்டர் சார வரச் சொல்லுங்க, அண்ணாச்சி கூப்பிடுதாக, ஒரு கிலோமீட்டர் நடந்தேன், நிற்கவைத்துத் திட்டப் போகிறார், எல்லோருக்கும் முன்னால், திட்டட்டும், அது என் பாக்கி, கைத்தடியால் ஒரு போடு போட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன், போய்ச் சேர்ந்தபோது அவர் கிளைடருக்குள் உட்கார்ந்து வாரைப் பூட்டிக்கொண்டிருந்தார், அதே தொப்பி, அதே மோவாய், கொஞ்சம் மெலிந்திருந்தார், வே, ரெக்கையப் பிடியும், என்றார், பல் டாக்டர் குனிந்து, அண்ணாச்சி, நம்ம பசங்க வேற ஆளு இருக்காங்களே, என்றார், அண்ணாச்சி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இவனுவ ஒரு பயலும் பாக்க மாட்டான் வே, நான் வெரலத் தூக்குனா போதும், இவனுவளும் தூக்கிருவானுவ, நீரு பாத்தீரு, சொல்லத்தான் பிந்திட்டீரு, இன்னைக்குச் சீக்கிரம் சொல்லும், என்றார், மன்னிப்புக் கின்னிப்பு என்று ஒரு பேச்சும் இல்லை, என் தனிப்பறப்பைப் பற்றியும் இல்லை, நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன், அவள் வாக்கிடாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு அடி விலகி நின்று வழி விட்டாள்.

இறக்கையின் நுனி என் வலது கையில் இருக்கிறது, அண்ணாச்சி பட்டியலைச் சொல்கிறார், இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்கிறார், முதல் தடவையாக அவருடைய குரல் அதைச் சொல்லிக் கேட்கிறேன், வாரு பூட்டியாச்சு, மூடி பூட்டியாச்சு, பிரேக், நெம்புகோலை இழுக்கிறார், பலகை நிமிர்கிறது, தள்ளுகிறார், டக், கேட்டது, நன்றாகவே கேட்டது, கட்டைவிரலைத் தூக்கி இந்தத் தடவை என் பக்கம் திரும்பினார், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார், கண்ணில் பயம் இருந்தது, வெறும் பயம், தீப்பெட்டி ஆபீசும் தலைவர் பதவியும் ஒன்றும் இல்லாத பயம், நான் பலகையைப் பார்த்தேன், பதிந்து கிடந்தது, கோடு இல்லை, நிழல் இல்லை, எல்லாம் சரி, தூக்க வேண்டியதுதான், நிறுத்து, என்று கத்தினேன், எனக்கே தெரியாமல் வந்துவிட்டது, ஜெசிந்தா கையை உயர்த்தினாள், விஞ்சு அடங்கியது, என்னவே, என்றார் அண்ணாச்சி, ஒண்ணுமில்ல, இன்னொரு தடவ பாத்துக்கிடுதேன், என்றேன், இறக்கையைத் தரையில் படுக்க வைத்துவிட்டுப் போய்ப் பலகையை விரலால் அழுத்திப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய் மற்றதையும் அழுத்தினேன், அசையவில்லை, திரும்பி வந்து நுனியை எடுத்தேன், அவர் விரலைத் தூக்கினார், நிறுத்து, என்று மறுபடியும் கத்தினேன், பல் டாக்டர் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள், மறுபடியும் போய் அழுத்திப் பார்த்தேன், என் கண்ணை நானே நம்பவில்லை, இதைவிட ஒரு மனுஷனுக்குக் கேவலம் வேறு என்ன இருக்கிறது, சிரிக்காதிய டாக்டரே, என்று கண்ணாடி மூடிக்குள்ளிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது, அவரு பாக்கட்டும், எம்புட்டு நேரமானாலும் பாக்கட்டும், எனக்கு இன்னைக்கு வேற சோலி கெடையாது, அந்த ஆளை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை, அந்தத் தொப்பி, அந்த மோவாய், அந்தக் கொடி சாரு, எதுவும் பிடிக்காது, மூன்றாம் தடவை பார்த்துவிட்டு வந்தேன், இறக்கையைத் தூக்கிச் சமமாகப் பிடித்தேன், மொள்ளமா, மொள்ளமா, கயிறு நேரானது, அடி, ஓடினேன், பத்தடியில் விட்டுவிட வேண்டும், இருபது அடி ஓடினேன், முப்பது அடி ஓடினேன், விடுங்க சார், விடுங்க, என்று ஜெசிந்தா பின்னால் கத்துகிறாள், அறுபத்திரண்டு வயதில் அப்படி ஓடக் கூடாது, மூச்சு இரைக்கிறது, பலகையையே பார்த்துக்கொண்டு ஓடுகிறேன், கோடு இல்லை, கோடு இல்லை, இறக்கை தானாகவே என் விரல்களைப் பிரித்துக்கொண்டு போயிற்று.